செயின்ட் பீட்டர்ஸ் பூல்: மால்டாவின் பாறைக் கடலில் முதல் தடவை இறங்குபவர்களுக்கு

பெயரில்தான் 'பூல்' இருக்கிறது. செயின்ட் பீட்டர்ஸ் பூல் நீச்சல் குளம் அல்ல, திறந்த கடல். மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவின் தென்கிழக்கு மூலையில் டெலிமாரா என்றொரு ஒடுங்கிய தீபகற்பம் இருக்கிறது. அதன் கிழக்குக் கரையில் மஞ்சள் சுண்ணாம்புப் பாறையைக் கடல் லாடம் போல வளைத்துக் குடைந்து வைத்திருக்கும் சிறு குடாதான் இது. பெரிய கமலைக் கிணறு ஒன்றின் ஒரு பக்கச் சுவரை எடுத்துவிட்டுக் கடலை உள்ளே விட்டால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அப்படி.

மணல் கிடையாது. கால் நனைத்து நிற்க ஓரம் கிடையாது. பாறை முடிகிற இடத்திலேயே ஆளை மூழ்கடிக்கும் ஆழம் தொடங்குகிறது. உயிர்காப்பாளர் இல்லை, எச்சரிக்கைக் கொடியும் இல்லை. தண்ணீரோ பச்சையும் நீலமுமாக அடி தெரியும் தெளிவு. பார்த்த உடனே குதிக்கத் தோன்றும். இறங்குவது இங்கே எவருக்கும் எளிது, ஓர் எட்டு வைத்தால் தண்ணீர்தான். ஏறுவதுதான் வேலை. இங்கே அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் எங்கே ஏறுவது என்று பார்க்காமல் இறங்கியவர்கள். கீழே சொல்லியிருப்பதில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

யார் இறங்கலாம்

ஒரு நீச்சல் குளத்தில் சுவரைப் பிடிக்காமல் 200 மீட்டர் நீந்த முடிய வேண்டும். கால் ஊன்றாமல் 10 நிமிடம் மிதந்து நிற்கவும் முடிய வேண்டும். இரண்டும் முடியும் என்றால் அமைதியான நாளில் இங்கே தாராளமாக இறங்கலாம். முடியாதவர்கள் பாறையில் உட்கார்ந்து பார்க்கலாம், அதுவே நல்ல காட்சி. கட்டாயம் தண்ணீரில் நிற்க வேண்டும் என்றால், டெலிமாராவின் மேற்குப் பக்கம் இருக்கும் மார்சஷ்லொக் விரிகுடாவின் எதிர்க்கரையில், பிர்செப்புஜா ஊரில் பிரிட்டி பே என்ற மணற்கரை இருக்கிறது. அங்கே ஆழம் மெல்ல மெல்லத்தான் கூடும். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கும் அதுதான் சரி.

கிணற்றில் நீந்திப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் குதிக்கத் தெரியும், ஆழத்தைக் கண்டு பயம் வராது. ஆனால் கிணற்றுத் தண்ணீர் அசையாது. படிக்கட்டு எங்கே விட்டீர்களோ அங்கேயே இருக்கும். இங்கே தண்ணீர் மட்டம் அலைக்கு அலை அரை மீட்டர் ஏறி இறங்கலாம், நீங்களும் அதோடு ஏறி இறங்குவீர்கள். உப்பு மட்டும் உங்கள் பக்கம் நிற்கும். இந்தப் பகுதிக் கடலில் லிட்டருக்கு சுமார் 38 கிராம் உப்பு உண்டு. வங்கக் கடலைவிட அதிகம் என்பதால் உடம்பு நன்றாகவே மிதக்கும்.

நாளைக் காற்றைப் பார்த்துக் குறியுங்கள்

ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் நடு வரை நல்ல பருவம். ஆகஸ்டில் தண்ணீர் 26, 27 டிகிரி இருக்கும். அக்டோபரிலும் 23, 24 டிகிரிக்குக் கீழே போகாது, கூட்டமும் குறைந்திருக்கும். முதல் தடவைக்கு செப்டம்பர் கடைசி மிக நல்ல சமயம். மே மாதம் வெயில் கொளுத்தினாலும் தண்ணீர் 18, 19 டிகிரிதான். நம்மூர்க் கடலில் பழகிய உடம்புக்கு அது கடுங்குளிர். முதல் ஒரு நிமிடம் மூச்சு தானாக வேகமாக இழுக்கும், அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருக்கக் கூடாது. மே மாதத்தில் குதிக்கவே வேண்டாம், ஏணி வழியாக மெல்ல இறங்குங்கள்.

மாதத்தைவிட முக்கியம் காற்று. குடாவின் வாய் கிழக்கே பார்த்தது. கிழக்கே கிரீட் தீவு வரை தடுக்க ஒன்றுமில்லை, வெறும் கடல்தான். ஆகவே கிழக்குப் பாதியிலிருந்து வீசும் எந்தக் காற்றும் அலையை நேராகக் குடாவுக்குள் தள்ளும். மால்டாக்காரர்கள் வடகிழக்குக் காற்றை கிரிகால் என்பார்கள். அப்போஸ்தலர் பவுல் வந்த கப்பலை அலைக்கழித்து மெலித்தா தீவில் (பைபிளில் மால்டாவின் பெயர்) ஒதுக்கிய யூரோக்கிலிதோன் இதுதான் என்பது அங்கே வழக்கு. தென்கிழக்குக் காற்றுக்கு ஷ்லொக் என்று பெயர். பக்கத்து மீனவ ஊரான மார்சஷ்லொக்கின் பெயரிலேயே அது இருக்கிறது. மார்சா என்றால் துறைமுகம். கோடையில் பெரும்பாலும் அடிப்பது வடமேற்கிலிருந்து வரும் மஜ்ஜிஸ்ட்ரால். அது நிலத்தைக் கடந்து வருவதால் இந்தக் கரையில் கடல் அடங்கிக் கிடக்கும்.

நம் பழைய சொற்களில் சொன்னால், கொண்டல் (கீழ்க்காற்று) அடித்தால் போகாதீர்கள், கோடைக்காற்று (மேல்காற்று) அடித்தால் போகலாம்.

மால்டா விமான நிலையத்தின் வானிலை அலுவலகம் தினமும் காற்றின் திசை, போஃபோர்ட் எண் (காற்றின் வலிமையைச் சொல்லும் எண்), கடலின் நிலை, நெடுஅலை (தொலைவில் எழுந்து வரும் நீண்ட அலை) வரும் திசை ஆகியவற்றை வெளியிடுகிறது. முந்தின இரவும் கிளம்பும் காலையும் அதைப் பாருங்கள். வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று வந்து எண் 4 அல்லது அதற்கு மேல் என்றால் திட்டத்தை மாற்றுங்கள். மேற்குக் கரையில் ஐன் டுஃபீஹா, கோல்டன் பே போன்ற மணற்கரைகள் அன்றைக்கு நன்றாக இருக்கும். டெலிமாராவிலேயே சற்றுத் தள்ளி இருக்கும் கலங்கா குடாவுக்கு மாறிப் பயனில்லை. அதுவும் இதே திசையைப் பார்த்ததுதான்.

இரண்டு விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். ஒன்று, காற்று நின்ற மறுநாளும் அலை நிற்காது. பலத்த கிரிகாலுக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் நெடுஅலை வந்துகொண்டே இருக்கும், வானம் மட்டும் பளிச்சென்று இருக்கும். மற்றது இதற்கு நேர் எதிர். மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் குடா கண்ணாடி போலக் கிடக்கும், ஆனால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அன்றைக்குக் காற்று மெத்தை, ஊதிய டயர், மிதக்கும் பொம்மை எதையும் தண்ணீரில் போடாதீர்கள். குடாவின் வாயைத் தாண்டிவிட்டால் அதைத் துரத்திப் பிடிக்க எந்த நீச்சல்காரராலும் ஆகாது.

போகும் வழி

தலைநகர் வல்லெட்டாவிலிருந்து 81, 85 எண் பஸ்கள் மார்சஷ்லொக்குக்குப் போகும். பயணச்சீட்டு கோடையில் 2.50 யூரோ, அதே சீட்டில் 2 மணி நேரத்துக்குள் வேறு பஸ்ஸும் மாறிக்கொள்ளலாம். மால்டாவில் வேலைக்கு வந்து, தங்கள் பெயரில் டாலின்ஜா அட்டை வாங்கியவர்களுக்கு 2022 அக்டோபரிலிருந்து பஸ் இலவசம். ஞாயிற்றுக்கிழமை மார்சஷ்லொக்கில் மீன் சந்தை கூடுவதால் பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது. வேறு நாள் கிடைத்தால் வேறு நாளே போங்கள்.

ஊரிலிருந்து நடந்தால் சுமார் 3 கிலோமீட்டர், 40 நிமிடம். விரிகுடாவை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு மின் நிலையம் இருக்கும் திசையில் போய், மேட்டில் ஏறும் டெலிமாரா சாலையைப் பிடிக்க வேண்டும். வழியில் நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே காலை 9 மணிக்கு முன் நடந்து முடித்துவிடுங்கள். ஜூலையில் மதியம் 12 மணிக்கு இந்தச் சாலையில் நடந்து வந்து, களைத்த உடம்போடு நேரே தண்ணீரில் விழுவது மோசமான தொடக்கம்.

கண் வரைந்த வண்ண மீன்பிடிப் படகுகளை அங்கே லுட்ஸு என்பார்கள். துறையிலிருந்து படகில் கொண்டுபோய் விடுகிறவர்கள் உண்டு. ஏறும்முன் போக வர எவ்வளவு, திரும்ப எத்தனை மணிக்கு வருவார்கள், அலை எழுந்தால் என்ன செய்வார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். படகுக்காரர் "இன்றைக்கு வேண்டாம்" என்றால் நடந்தும் போகாதீர்கள்.

காரில் போனால் மால்டாவிலும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், அதில் சிரமம் இல்லை. கடைசித் தூரம் ஒடுங்கிய சந்து, எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்னால் எடுக்க வேண்டியிருக்கும். நிறுத்துமிடத்தில் பை, கைபேசி, பாஸ்போர்ட் எதையும் வண்டிக்குள் விடாதீர்கள். ஒதுக்குப்புறமான இடம், கண்ணாடியை உடைப்பது எளிது.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். கோடையில் சிற்றுண்டி வண்டி நிற்பதுண்டு, ஆனால் அதை நம்பி வெறுங்கையோடு வர வேண்டாம். கழிப்பறை இல்லை, ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். வெளிர் மஞ்சள் பாறை வெயிலைக் கீழிருந்தும் திருப்பி அடிக்கும். தொப்பி போட்டும் தாடை எரிவது அதனால்தான். வெயில் களிம்பு எஸ்பிஎஃப் 50 எடுத்து, ஒவ்வொரு முறை ஏறி வந்ததும் திரும்பப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் அந்த வேலையைச் செய்யாது.

காலுக்கு, குதிகாலையும் மூடும் ரப்பர் அடி வாட்டர் ஷூ. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஹவாய் செருப்பு ஈரப் பாறையில் வழுக்கும், தண்ணீரில் கழன்று மிதக்கும்.

உடைக்கு நைலான் அல்லது லைக்ராவில் உடம்போடு ஒட்டியது. முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை நல்லது, வெயிலையும் ஜெல்லிமீனையும் சேர்த்தே தடுக்கும். பருத்திச் சுடிதாரோ லுங்கியோ டீ சட்டையோ போட்டு இறங்கினால், ஏணியில் ஏறும்போது துணி குடிக்கும் தண்ணீரும் சேர்த்து உங்களைக் கீழே இழுக்கும். துப்பட்டா ஏணிக் கம்பியில் சிக்கும். மோதிரத்தையும் சங்கிலியையும் வீட்டிலேயே விட்டு வாருங்கள்.

பிறகு நீர்க்கண்ணாடி, இடுப்பில் கட்டும் ஆரஞ்சு மிதவை (படகுகள் குடாவுக்குள்ளேயே வரும், அவர்கள் கண்ணில் படுவதற்கு), ஒரு பொட்டலம் ஆப்பசோடா, சிறு இடுக்கி, பழைய ஏடிஎம் அட்டை. கடைசி மூன்றும் எதற்கென்று பின்னால் வருகிறது.

பாறைக்கு வந்ததும்: கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள்

மேலிருந்து கீழ்த்தட்டுக்கு இறங்கும்போது அங்கங்கே கல் தேய்ந்து உருண்டிருக்கும், மெல்ல இறங்குங்கள். பையை நனையாத இடத்தில் வையுங்கள். நனையாத இடம் எது என்று பாறையே சொல்லும். தண்ணீரை ஒட்டிக் கரும்பச்சையாக ஒரு பட்டை ஓடும். பாசி படிந்த அந்தப் பட்டை சோப்புக் கட்டி மாதிரி, அதில் நிமிர்ந்து நடக்கவே கூடாது. அதற்கு மேலே நிறம் மாறி, குழிகளில் உப்பு பூத்திருந்தால் அங்கே வரை கடல் தெறிக்கிறது என்று அர்த்தம். அந்தக் குழிகளில் இன்று காலைத் தண்ணீர் தேங்கியிருந்தால் அலை இன்றைக்கே அங்கே ஏறியிருக்கிறது. அன்றைக்கு இறங்க வேண்டாம்.

மால்டாவில் ஓதம் (கடல் மட்டத்தின் தினசரி ஏற்ற இறக்கம்) வெறும் 20 சென்டிமீட்டர் அளவுதான். 'தண்ணீர் வற்றட்டும், காத்திருப்போம்' என்ற கணக்கு இங்கே செல்லாது. மட்டத்தை மாற்றுவது அலை மட்டும்தான். அலைகள் கூட்டமாக வரும். ஐந்தாறு நிமிடம் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும், பிறகு மூன்று நான்கு பெரியவை அடுத்தடுத்து வரும். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு இறங்குகிறவர் அந்த இடைவெளியைத்தான் பார்க்கிறார். அதனால்தான் கால் மணி நேரம்.

மணற்கரையில் அலை உடைந்து செத்துவிடும். செங்குத்துப் பாறையில் அது உடையாது, மோதித் திரும்பும். திரும்பும் அலையும் அடுத்து வரும் அலையும் சுவர் ஓரத்தில் சந்திக்கும்போது தண்ணீர் கிட்டத்தட்ட இரு மடங்கு உயரம் எழும்பி இறங்கும். நடுவில் முழங்கால் உயரமாகத் தெரியும் அலை சுவரோரம் இடுப்பு உயரம் ஆவது இதனால்தான். ஏணியும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. ஏணியின் அடிப் படி அலை இறங்கும்போது தண்ணீருக்கு வெளியே தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால், நீந்தத் தெரிந்தாலும் அன்றைக்கு வேண்டாம்.

ஏணி இருக்கிறதா, அசைகிறதா என்பதையும் போய்ப் பாருங்கள். குளிர்காலப் புயல் இரும்பையும் பிடுங்கும்.

உட்காரும் இடமும் முக்கியம். இந்தக் கல் குளோபிஜெரினா சுண்ணாம்புக் கல். மால்டாவின் வீடுகளைக் கட்டிய அதே மென்கல். கடல் இதை அடியில் அரிக்கும், மேல் தட்டு கூரை போல நீட்டி நிற்கும். எவ்வளவு பெரிய பாறை என்றாலும் ஒரு நாள் விழும். பக்கத்துக் கோசோ தீவின் புகழ்பெற்ற அஷூர் விண்டோ வளைவு 2017 மார்ச் 8ஆம் தேதி ஒரு புயலில் மொத்தமாகக் கடலில் போய்விட்டது. தொங்கும் விளிம்பின் மேலும் உட்கார வேண்டாம், நிழலுக்காக அதன் அடியிலும் படுக்க வேண்டாம். மாலையில் பின்பக்க மேட்டின் நிழல் தானாகவே தட்டில் விழும். இன்னொன்று, கல் மெத்தென்று இருப்பதால் பலர் பெயர் செதுக்கிவிட்டுப் போகிறார்கள். அது ஆறாத காயம், தயவுசெய்து செய்யாதீர்கள்.

இறங்குதல்

முதல் முறை ஏணி வழியாகத்தான். முகம் பாறையைப் பார்த்திருக்க வேண்டும், இரண்டு கையாலும் கம்பியைப் பிடியுங்கள். கழுத்து வரை தண்ணீர் வந்ததும் பத்து மூச்சு அங்கேயே நின்று, பிறகு கையை விடுங்கள்.

நாலைந்து மீட்டர் நீந்திப் போனதும் திரும்பிப் பாருங்கள். தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்தால் சுவர் முழுக்க ஒரே மஞ்சளாக இருக்கும், ஏணி சட்டென்று கண்ணில் படாது. அதற்கு நேர் மேலே இருக்கும் ஏதாவது ஒன்றை, ஒரு பிளவையோ கறுப்புத் திட்டையோ, மனதில் பதித்துக்கொள்ளுங்கள். துண்டையோ குடையையோ அடையாளமாக வைக்காதீர்கள், அதை யாராவது எடுத்துப் போய்விடுவார்கள்.

பிறகு நீர்க்கண்ணாடி வழியாக அடியைப் பாருங்கள். எங்கே மணல் திட்டு, எங்கே உருண்டு விழுந்த பாறை, எங்கே சுவர் உள்வாங்கிக் குகை போல ஆகிறது என்பது தெரியும். உள்வாங்கிய இடத்தின் கிட்டே போகாதீர்கள். சிறு அலை கூட உங்களைக் கூரைக்கு அடியில் தள்ளித் தலையை மேல்பாறையில் இடிக்கும்.

முதல் சுற்று 10 நிமிடம் போதும். குடாவின் வாயைத் தாண்ட வேண்டாம். உடம்பில் பாதிச் சக்தி மிச்சம் இருக்கும்போதே ஏறிவிடுங்கள்.

குதிப்பது பற்றி

குதிப்பவர்களைப் பார்க்காமல் இங்கிருந்து திரும்ப முடியாது, ஆசை வருவதும் இயல்பு. கணக்கைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தண்ணீரைத் தொடும் வேகம் மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர், 5 மீட்டரிலிருந்து 36. அந்த வேகத்தில் மார்போ வயிறோ தட்டையாக விழுந்தால் மூச்சு நின்றுவிடும், மூச்சு நின்ற ஆளை எடுக்க இங்கே யாரும் பணியில் இல்லை.

நீங்களே கண்ணாடி போட்டு அடியைப் பார்த்த இடத்தில் மட்டும் குதியுங்கள். மற்றவர் குதித்தார் என்பது சான்று ஆகாது, அவர் அரை மீட்டர் தள்ளி விழுந்திருப்பார். தாழ்ந்த தட்டிலிருந்து தொடங்குங்கள். கால் முதலில், உடம்பு நேராக, கை உடம்போடு ஒட்டி. தலைகீழாக ஒருபோதும் வேண்டாம். ஓடி வந்து குதிப்பதும் வேண்டாம், கடைசி எட்டு ஈரப் பாசியில் விழுந்தால் குதிப்பது சறுக்கலாகி விளிம்பில் முதுகு அடிபடும். கீழே ஆள் இல்லை, படகு இல்லை என்று ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்.

ஏறுதல்

அமைதியான நாளில் ஏணியைப் பிடித்து ஏறினால் முடிந்தது. நீங்கள் உள்ளே இருக்கும்போதே கடல் எழுந்துவிட்டால்தான் முறை தெரிந்திருக்க வேண்டும்.

சுவரிலிருந்து நாலைந்து மீட்டர் விலகி, கடலைப் பார்த்தபடி மிதந்து நில்லுங்கள். பெரிய அலைக் கூட்டம் கடந்து போகட்டும். கடைசிப் பெரிய அலையின் பின்னாலேயே ஏணிக்கு வாருங்கள். அடுத்த சிறு அலை உங்களைத் தூக்கும்போது எட்டும் உயரத்தில் கம்பியைப் பிடியுங்கள். தண்ணீர் இறங்கும், நீங்கள் இறங்கக் கூடாது. இரண்டு காலும் படியில் பட்டதும் நிற்காமல் மூன்று படி ஏறிவிடுங்கள். பாதி ஏணியில் நின்று கண்ணைத் துடைத்தால் அடுத்த அலை பிடுங்கும். மேலே வந்த பிறகும் எழுந்து நிற்காமல், பாசிப் பட்டை முடியும் வரை தவழ்ந்தே போங்கள்.

இரண்டு தடவை முயன்றும் முடியவில்லை என்றால் மூன்றாவது தடவை வேண்டாம். சுவரோரம் போராடுவதில்தான் சக்தியும் தோலும் போகும். 15 மீட்டர் வெளியே போய் மல்லாந்து மிதந்து, ஒரு கையை மேலே தூக்கி ஆட்டுங்கள். திறந்த தண்ணீரில் மிதப்பவருக்கு நேரம் இருக்கிறது, பாறையில் மோதுகிறவருக்கு இல்லை. கரையில் இருப்பவர் உடனே 112ஐ அழைத்து "செயின்ட் பீட்டர்ஸ் பூல், டெலிமாரா" என்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழி, பேச்சில் சிக்கல் இல்லை. காப்பாற்றக் குதிக்காமல், மிதக்கக்கூடிய எதையாவது வீசுங்கள்.

கொட்டுவதும் குத்துவதும்

ஊதா நிற ஜெல்லிமீனை மால்டாவில் பிராமா என்பார்கள். அவை கூட்டமாக வந்த நாளில் தண்ணீரில் ஆளே இருக்காது, அந்தக் குறிப்பை மதியுங்கள். கொட்டிவிட்டால் கடல் தண்ணீரால் மட்டும் கழுவுங்கள். நல்ல தண்ணீர் பட்டால் தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்கள் இன்னும் வெடிக்கும், தேய்த்தாலும் அப்படியே. ஆப்பசோடாவையும் கடல் தண்ணீரையும் சம அளவு குழைத்து 2 நிமிடம் பூசி வைத்து, ஏடிஎம் அட்டையின் ஓரத்தால் மெல்ல வழித்தெடுங்கள். பிறகு துணி சுற்றிய பனிக்கட்டி அல்லது குளிர்ந்த பாட்டிலால் ஒத்தடம். உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ நேரே 112.

கடல் முள்ளெலி பாறை இடுக்கில் கறுப்புப் பந்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். முள் ஏறினால் வெளியே தெரிவதை இடுக்கியால் நேராக இழுங்கள். உள்ளே ஒடிந்ததை ஊசியால் தோண்டாதீர்கள், முள் நொறுங்கி மேலும் உள்ளே போகும். அறைக்கு வந்து பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரம் காலை வையுங்கள், வலி குறையும். மூட்டில் குத்தியிருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

திரும்பும்போது குப்பையை உங்கள் பையிலேயே கொண்டுபோங்கள், பாறையில் விட்டது மாலைக் காற்றில் கடலுக்குத்தான் போகும். படகில் வந்தவர்கள் சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்பே உடை மாற்றித் தயாராக நில்லுங்கள். நடந்து வந்தவர்கள் அரை லிட்டர் தண்ணீரையாவது அந்த 3 கிலோமீட்டருக்கு மிச்சம் வையுங்கள்.